கேபிள் முனையைக் கட்டிய துணி

அன்று அந்தப் பள்ளத்தருகே நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நிலத்துக்குச் சொந்தக்காரரான அம்மா, அவருடைய மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர், மோட்டார்க்காரரின் மனைவி, நான். இருந்திருக்க வேண்டியவர்களில் மூன்று பேர் இல்லை. என் முதலாளி, லைசென்ஸ் வைத்திருந்த எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர், வேங்கிக்காலில் புது வீடுகளுக்கு வயரிங் முடித்துக்கொடுக்கும் அவசரத்தில் இருந்தார். அம்மாவின் கணவர் வந்தவாசிப் பக்கம் பள்ளி ஆசிரியர். சனிக்கிழமைதான் ஊருக்கு வருவார். அன்று புதன். மூன்றாவது ஆள் எங்கள் ஜாயின்டர். பூமிக்கடியில் போகும் கேபிள் அறுந்தால் அதை ஒட்டுப்போடுகிறவர் அவர் ஒருவர்தான். மனைவிக்குப் பிரசவம் என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். திரும்பி வர நாலு நாள் ஆகும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

நாலு நாள் காத்திருக்க அந்த நிலத்தில் நேரம் இல்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர் அது. இரண்டு ஏக்கர் நெல் கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற சமயம். கிணற்றில் தண்ணீர் இருந்தது. மோட்டாருக்குத்தான் கரண்ட் இல்லை. மூன்று நாளாக வயலில் வெடிப்பு விட்டுக்கொண்டிருந்தது. பால் பிடிக்கும்போது காய்ந்தால் கதிர் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். வேலூரில் பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் திருவண்ணாமலையில் அந்தக் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

கேபிளை அறுத்தவர் மோட்டார்க்காரர்தான். ஆடு நுழையாமல் இருக்க வேலி போடுகிறேன் என்று கடப்பாரையை ஓங்கிப் போட்டிருக்கிறார். பூமிக்குள் படார் என்று சத்தம் கேட்டு ஷெட்டில் ஃப்யூஸ் போய்விட்டது. கைப்பிடியில் கோணி சுற்றியிருந்ததோ, போட்ட வேகத்தில் கையை விட்டுவிட்டாரோ, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஷெட்டில் இருந்த மூன்று பீங்கான் ஃப்யூஸ்களையும் பிடுங்கித் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டியிருந்தார்.

"நான் சொல்ற வரைக்கும் அத்த அவுக்காதீங்க" என்றேன்.

"குளிக்கறப்பகூட அவுக்கல சார்" என்றார்.

அவர் மனைவி பள்ளத்திலிருந்து மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே பேசினார். "வேலி போடச் சொன்னா மோட்டார நிறுத்திட்டு வந்து நிக்கிறாரு."

"பூமிக்குள்ள இருக்கறது எனக்கு எப்பிடிமே தெரியும்? கடப்பாரைக்குக் கண்ணா இருக்குது?"

"கடப்பாரைக்கு இல்ல. அத்தப் புடிச்சிருந்த ஆளுக்கு ரெண்டு இருக்குதே."

மோட்டார்க்காரர் பேச்சில் சளைக்காதவர்தான். ஆனால் வயல் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் முகம் மாறுவதை நான் கவனித்தேன்.

ஜாயின்டர் வரும்வரை காத்திருக்காமல் நானே ஒட்டுப்போட்டுவிடுகிறேன் என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். இரண்டு மூன்று முறை ஜாயின்டருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தேன். அதோடு எனக்குத் தாள் இருந்தது. மெட்ராஸிலிருந்து வரும் ரெசின் கிட்டுக்குள், அதாவது ஒட்டுப்போடும் சாமான் பெட்டிக்குள், செய்முறை எழுதிய தாள் ஒன்று மடித்து வைத்திருப்பார்கள். முழுக்க இங்கிலீஷ். ஜாயின்டர் அதைப் படித்ததில்லை. சாமான்களில் மண் ஒட்டாமல் இருக்கக் கீழே விரித்துக்கொள்வார். வேலை முடிந்ததும் நான் அதை எடுத்துத் தட்டி வீட்டுக்குக் கொண்டுபோவேன். மனப்பாடமாகவே தெரியும்.

"கடையில ஒரு கிட்டுதான்டா இருக்குது" என்றார் முதலாளி. "இன்னொண்ணு மெட்ராஸ்லருந்து வர ஒரு வாரம் ஆவும். தெரிஞ்சிக்கினு செய்."

அந்தக் கிட்டில் இருந்தது இவ்வளவுதான். கண்ணாடி போல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் அச்சு, இரண்டு பாதியாக. நடுவில் பருத்து இரண்டு முனையிலும் கூம்பாகக் குறுகும். கூம்பின் மேல் படிப்படியாக வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் ஓர் எண். கேபிளின் பருமனுக்குச் சரியான வளையத்தில் கூம்பை அறுத்துவிட வேண்டும். அறுந்த கம்பிகளைச் சேர்த்த பிறகு, இரண்டு பாதியையும் கேபிளின் மேல் கவ்வ வைத்து, கிட்டில் சுருட்டி வைத்திருக்கும் பசைப் பட்டியால் முனைகளில் இடைவெளி இல்லாமல் அடைத்து, மேலே இருக்கும் இரண்டு துவாரங்களில் ஒன்றின் வழியாக ரெசினை ஊற்ற வேண்டும். இரண்டு டப்பாவில் இருப்பதைக் கலந்தால் அது ரெசின். ஊற்றும்போது வெல்லப் பாகு மாதிரி இருக்கும். அரை மணி நேரத்தில் கல்லாகிவிடும். கல்லான பிறகு எத்தனை மழை பெய்தாலும் உள்ளே ஈரம் போகாது. கல்லாவதற்குள் முனை ஒழுகினால் கிட்டும் போச்சு, ஒட்டும் போச்சு.

கம்பிகளைச் சேர்க்கும் வேலையை மூன்று மணிக்குள் முடித்துவிட்டேன். அதில் குறை ஒன்றும் இல்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அச்சை எடுக்கும்போதுதான் அந்த அம்மா வரப்பின் மேல் வந்து நின்றார். என் பெரிய அக்காவின் வயதுதான் இருக்கும். பேசுவதற்கு முன் ஒரு தடவை பள்ளம் முழுவதையும் பார்த்தார்.

"தம்பி, இத்த ஊத்தறப்ப சூடா இருக்குமா?"

"ஊத்தறப்ப இருக்காதும்மா. இறுகறப்பதான் சூடாவும்."

"கீழ சொட்டுமா?"

"சொட்டாதும்மா."

"சொட்டினா?"

"அச்சுக்குள்ளயே நின்னுடும்மா. தாள்லயே போட்டிருக்குது."

அவர் தாளைப் பார்க்கவில்லை. கேபிளுக்கு நேர் கீழே பள்ளத்தின் அடியில் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்ததை அவர் பார்த்த பிறகுதான் நான் பார்த்தேன். அந்த ஊரில் பாதி சமணக் குடும்பங்கள். நயினார் வீடுகள் என்பார்கள். எத்தனையோ தலைமுறையாக அங்கேயே நெல்லும் வேர்க்கடலையும் பயிர் செய்கிறவர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். துணியில் வடிகட்டாத தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள். தெரிந்தே ஓர் உயிருக்குத் தீங்கு செய்ய மாட்டார்கள். அவர் வீட்டுக்குள் போய்க் கழுவித் துடைத்த பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒன்றைக் கொண்டுவந்து, எறும்புகளை ஒரு காய்ந்த ஓலையால் ஒதுக்கிவிட்டு, கேபிளுக்கு அடியில் கற்களின் மேல் வைத்தார்.

"எறும்புக்குப் பந்தல் போட்டுட்டாங்க" என்றார் மோட்டார்க்காரர். "இனிமே வாழமரம் கட்ட வேண்டியதுதான்."

எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும்தான். முட்டி போட இருந்த இடத்தைத் தாம்பாளம் பிடித்துக்கொண்டது.

அந்தக் கேபிள் அந்த மோட்டாருக்குத் தேவையானதைவிட ரொம்பத் தடி. மூடிப்போன மில் ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது கம்மி விலைக்குக் கிடைத்ததென்று வாங்கிப் புதைத்திருந்தார்கள். அதன் மேல் தோலில் 35 என்று அச்சிட்டிருந்தது. கூம்பின் ஒரு வளையத்திலும் 35 என்று இருந்தது. இரண்டும் பொருந்தியதில் எனக்கு ஒரு திருப்தி. ரம்பப் பிளேடை எடுத்து இரண்டு முனைகளையும் அந்த வளையத்திலேயே அறுத்தேன்.

கேபிளின் மேல் வைத்துப் பார்த்தால் சுற்றிலும் வெளிச்சம் தெரிந்தது. சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. ஒரு நொடி யோசித்தேன். தாளில் எண்ணைப் பார்த்து அறுக்கச் சொல்லியிருக்கிறது, எண்ணைப் பார்த்துத்தான் அறுத்தோம், மிச்சத்துக்குத்தான் பட்டி கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். பட்டியை எடுத்தால், கிட் கடையில் வெகுநாள் கிடந்ததில் காய்ந்து, பிஸ்கட் போல உடைந்தது. சரி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிடலாம் என்று இரண்டு முனையிலும் இருபது சுற்றுக்குமேல் சுற்றினேன். கேபிளின் தோலில் மண் தூசி இருந்தது. துடைத்தேன், ஆனால் போதுமான அளவு துடைக்கவில்லை.

நாலு மணிக்கு ரெசினைக் கலந்தேன். கலந்ததிலிருந்து இருபது நிமிடம்வரை ஊற்றலாம், அதற்குமேல் கட்டியாகிவிடும் என்று தாளில் இருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி வரப்பின் மேல் வைத்தேன். சொன்னபடியே மெல்ல ஊற்றினேன். பழுப்பு நிறத்தில் பளபளவென்று இறங்கி, கம்பிகளைச் சுற்றி ஏறி, இன்னொரு துவாரத்தின் வாய்வரை வந்து நின்றது. மோட்டார்க்காரரின் மனைவி கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரண்டு நிமிடம் அது அப்படியே இருந்தது.

பிறகு தாம்பாளத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழுவதற்குள் அது சொட்டாக இல்லை, நூலாக இறங்கியது. பள்ளம் கிணற்றுப் பக்கம் சரிவாக இருந்ததால் தாழ்ந்த முனையில் பாரம் அதிகம். டேப் சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்றாக வழுக்கிக் கழன்றன. நான் கையால் அமுக்கினேன். ரப்பர் கையுறை வழுக்கியது. அச்சுக்குள் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. மேல் கம்பியின் முதுகு வெளியே வந்துவிட்டது.

"சார், ஒழுவுது" என்றார் மோட்டார்க்காரர், எனக்குத் தெரியாதது போல. "சேத்த வெச்சி அப்பிடலாமா?"

"ஈரம் ஆவாது" என்றேன். தாளில் ஒழுகினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதவே இல்லை.

அந்த அம்மா பள்ளத்துக்குள் இறங்கினார்.

"ஈரந்தான் ஆவாது. காஞ்ச துணி ஆவுமா?"

"ஆவும்மா."

அவர் திரும்பாமலே மோட்டார்க்காரரின் மனைவியிடம் சொன்னார். "அடுக்களைக் கொடியில வடிகட்டற துணி, புதுசு, மடிச்சபடி கிடக்குது. எடுத்துனு ஓடியா." வீடு நிலத்தை ஒட்டித்தான். போய்த் திரும்ப ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதுவரை நான் இரண்டு கையாலும் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி. பல்லால் ஒரு கடி கடித்து இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்தார். கிழிந்த சத்தம் அடங்குவதற்குள் அடுத்தது கிழிந்தது. ஒரு துண்டைத் தாம்பாளத்தில் விழுந்திருந்த ரெசினிலேயே புரட்டினார்.

"கையில ஒட்டிக்கும்மா."

"ஒட்டட்டும். நீ கைய எடு."

நான் எடுத்தேன். டேப்பை உருவி எறிந்தார். நனைந்த துண்டைத் திரித்து, கேபிளுக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டைவிரல் நகத்தால் சுற்றிலும் உள்ளே தள்ளினார். அது நிறைந்ததும் அடுத்த துண்டை மேலே சுற்றினார். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதி மேல் ஏறி உட்கார்ந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இழு இழுத்தார். நான் டேப் சுற்றியதையும் அவர் துணி சுற்றியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டையும் ஒரே பெயரால் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. நூல் சொட்டானது. சொட்டு நின்றது.

"எப்பிடிம்மா?" என்று கேட்டேன்.

"பானை வாய்ல துணி கட்றதுதான். துணிக்கும் பானைக்கும் நடுவுல சந்து இருந்தா வடிகட்டாத தண்ணி உள்ள போயிடும். தினம் கட்றோம்." கை அழுத்தத்தைத் தளர்த்தாமலே என்னைப் பார்த்தார். "ஏன் இவ்ளோ சந்து விட்டீங்க?"

அப்போதுதான் எனக்குப் புத்தியில் பட்டது. கேபிளின் மேல் இருக்கும் 35 உள்ளே ஓடும் கம்பியின் குறுக்குப் பரப்புக்கான எண். வளையத்தின் மேல் இருந்த 35 கேபிளின் வெளி விட்டத்துக்கான எண். அந்தக் கேபிளின் விட்டம் முப்பது மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. இது பரீட்சையில் கேட்டால் தூக்கத்தில் எழுதுவேன். எண் ஒன்றாக இருந்ததால் பொருளும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். மறைத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ரெசின் அப்பிய கையால் என் தப்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் எப்படி மறைப்பது?

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"அப்ப அந்த முனையயும் இதே நம்பர்லதான அறுத்திருக்கீங்க?"

திரும்பி அந்த முனையைப் பார்த்தேன். மட்டம் இறங்கிவிட்டதால் மேட்டுப் பக்கத்து முனையில் பாரம் இல்லை, அதனால் அங்கே ஒழுகவில்லை. மறுபடி நிரப்பினால் அங்கேயும் பிய்த்துக்கொள்ளும். நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது எப்படி நிரப்புவது என்பதை மட்டும். நிரப்பினால் நிற்குமா என்று அவர் யோசித்திருந்தார்.

"மொதல்ல அத்தக் கட்டு தம்பி. நான் பண்ண மாதிரியே. உள்ள திணி, அப்பறம் சுத்து, ஒவ்வொரு சுத்துக்கும் இழு." நான் கட்டினேன். இரண்டாவது சுற்றிலேயே நிறுத்தினார். "இழுக்கல நீ. மறுபடியும்." அவிழ்த்து மறுபடி கட்டினேன். மோட்டார்க்காரர் கேட்காமலே அந்த முனையைப் பிடித்துக்கொண்டார்.

கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. தாம்பாளத்தில் ஒழுகியது அத்தனையும் இருந்தது. மண்ணில் ஒரு சொட்டும் போகவில்லை. தூசி கலந்தால் ரெசின் கெட்டுவிடும் என்று தாள் சொல்கிறது. ஒழுகினதைத் திரும்ப ஊற்றலாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"இன்னா சார் யோசன?" என்றார் மோட்டார்க்காரரின் மனைவி.

"சுத்தமா இருக்கணும்."

"அந்தத் தாம்பாளமா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அம்மா சாமிக்குப் பழம் வெக்கறது அது. உங்க டப்பாவவிட சுத்தம்."

இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. ஊற்றினேன். கட்டிப்பட ஆரம்பித்திருந்ததால் முன்னைவிட மெதுவாக இறங்கியது. மேல் கம்பி மூழ்கியது. இரண்டாவது துவாரத்தின் வாய்க்கு ஒரு விரற்கடை குறைவாக வந்து நின்றது. இரண்டு முனையையும் பார்த்தேன். துணியின் நிறம்தான் மாறியது, சொட்டு இல்லை.

இனி அசையாமல் பிடிக்க வேண்டியதுதான். அரை மணி என்று நான் சொன்னேன். கலவை ஆறிப்போயிருந்ததோ என்னவோ, ஒரு மணிக்கு மேல் ஆனது. ரெசின் இறுக இறுகச் சூடு ஏறியது. அச்சின் மேல் கை வைத்துப் பார்த்தேன். ஆவி பறக்கும் சோற்றுக் குண்டானைத் தொட்டது போல இருந்தது. அந்த அம்மா முனையைச் சுற்றிப் பிடித்த கையை எடுக்கவில்லை. நான் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். மோட்டார்க்காரரின் மனைவி இரண்டு தரம் கேட்டார். இரண்டாவது தரம் கேட்கும்போது அவர் பார்வை மேற்கே மலைப் பக்கம் போனதை நான் பார்த்தேன், பொருள் புரியவில்லை.

"அம்மா, பொழுது போவுது. நீங்க ஏறுங்க, நான் புடிக்கிறேன்."

"கை மாத்தினா தளந்துடும். இருக்கட்டும்."

பிறகு அவர் என்னிடம் எங்கள் ஊர், அப்பா என்ன செய்கிறார், வேலூரில் எங்கே தங்கிப் படித்தேன் என்றெல்லாம் விசாரித்தார். அப்பா கூலி வேலை செய்கிறார் என்றதும், எந்த நிலம், என்ன பயிர் என்று கேட்டார். அந்தப் பேச்சில் கை ஒரு தடவையும் அசையவில்லை. மோட்டார்க்காரர் மறுமுனையில் பிடித்துக்கொண்டு, "எனக்கு மட்டும் கை இரும்பாலயா செஞ்சிருக்குது, என்ன யாரும் மாத்தறேன்னு சொல்லலயே" என்றார். "நீ புடி" என்றார் அவர் மனைவி. "நீ அறுத்தது."

நகத்தால் தட்டினால் டக் என்று சத்தம் வந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. அந்த அம்மா மேலே ஏறினார். இரண்டு உள்ளங்கையும் சிவந்து, விரல் இடுக்கெல்லாம் பழுப்பாக ரெசின் காய்ந்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் முழுக்கப் போகவில்லை. எங்களைக் கை கழுவச் சொல்லிவிட்டு வாசலில் இலை போட்டார். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, மோர். மூன்று பேருக்கும் அவரே பரிமாறினார். குழம்பு ஆறியிருந்தது. எனக்கு நல்ல பசி. இரண்டு தரம் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது மோட்டார்க்காரரின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "அம்மா நாலரைக்கு உக்காந்து சாப்புடறவங்க. காலையில ஒரு வேளை, அது ஒரு வேளை. இன்னிக்கு இல்ல. இனிமே நாளைக்கு வெளிச்சம் வந்தப்பறந்தான்." நான் சாப்பிட்டது அவருக்குச் சமைத்தது. பரிமாறும்போது அவர் முகத்தில் அதற்கான குறி எதுவும் இருந்ததா என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மெக்கரோடு போனேன். ஒட்டுக்குள் ஈரமோ கசிவோ இருந்தால் காட்டிக்கொடுக்கும் மீட்டர் அது. முள் போக வேண்டிய கடைசிவரை போய் நின்றது, கசிவு இல்லை. மோட்டார்க்காரர் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஃப்யூஸ்களைக் கொடுத்தார். ஸ்டார்ட்டரை அழுத்தினோம். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு அவர் மனைவி ஏதோ கேலியாகச் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அம்மா மடை திறக்க ஏற்கனவே வரப்பில் போய்விட்டிருந்தார்.

ஐந்தாம் நாள் ஜாயின்டர் வந்தார், ஆண் குழந்தை என்ற செய்தியோடு. நடந்ததைச் சொன்னேன். நேரில் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். அதுவரை பள்ளத்தை மூடவில்லை. குனிந்து இரண்டு முனையையும் தடவிப் பார்த்தார்.

"இது நீ கட்டினது" என்று மேட்டுப் பக்கத்து முனையைக் காட்டினார். பிறகு தாழ்ந்த முனையில் வெகுநேரம் கையை வைத்திருந்தார். "அம்மாகிட்ட கேளு, நம்மகூட வேலைக்கு வருவாங்களான்னு. நான் கூலிக்கு மண்ணு வெட்றேன்."

அதன்பின் அவர் பையில் எப்போதும் கிழித்து மடித்த பருத்தித் துணி இருந்தது. கிட்டில் பட்டி புதிதாக இருந்தாலும் சரி, ரெசினில் புரட்டிய துணியை முதலில் திணித்த பிறகுதான் அதை எடுப்பார். நான் அந்தத் தாளின் ஓரத்தில், வளையத்தின் எண் வேறு, கேபிளின் எண் வேறு என்று பேனாவால் எழுதிவைத்தேன்.

தப்பு என்னுடையது, என் கூலியைச் சேர்க்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். அவரும் விட்டுவிட்டார். பில்லைப் பார்த்ததும் அந்த அம்மா, "கம்பியச் சேத்தது யாரு?" என்று கேட்டு, கூலியைத் தானே எழுதிச் சேர்த்துக் கொடுத்தார். கிட்டும் கூலியும் சேர்த்து இருநூற்றுப் பத்து ரூபாய்.

அறுப்பு முடிந்து கொஞ்ச நாளைக்கெல்லாம் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வந்தவாசி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நெல் எப்படி என்று கேட்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவரே சொன்னார். மேல் வயல் பழுது இல்லை. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேர்ந்த மூலையில் மட்டும் பதர். வழக்கத்தைவிட மூன்று மூட்டை கம்மி; மூட்டை நூறு ரூபாய்க்குப் போனது. உங்கள் பில்லையும் சேர்த்தால் என்று விரலில் எண்ணி, குறையாகச் சொல்லாமல், வெறும் கணக்காகச் சொன்னார்: மொத்த நஷ்டம் ஐந்நூற்றுப் பத்து ரூபாய்.